புதிதாக வந்தவர் ஒருவர் இன்னொருவரின் பிடியில் இருக்கிறார் என்று பட்டால்: பிரித்தானியாவில் உதவத் தொடங்கியவர்களுக்கு

பிரித்தானியாவில் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டு வந்தவர்களுக்கு உதவ நீங்கள் இப்போதுதான் இறங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கோயில் மண்டபத்திலோ, தமிழ்ப் பள்ளியிலோ, ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) ஆட்களைத் தங்கவைத்திருக்கும் ஹோட்டலிலோ, மொழிபெயர்ப்பாளராகவோ. படிவம் நிரப்புவது, ஜீபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிவது, குளிருடுப்புத் தேடிக் கொடுப்பது என்றுதான் வேலை தொடங்கும். கொஞ்ச நாளில் ஒருவர் சொல்வதில் ஏதோ இடிக்கும். வேலைக்குப் போகிறார், சம்பளம் கைக்கு வருவதில்லை. தங்கியிருக்கிற வீட்டுக்காரரைக் கேட்காமல் கடைக்கும் வர முடியவில்லை. போன் அடித்தால் முகம் மாறுகிறது.

அந்த இடத்தில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரிசையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. நல்ல மனதோடு அவசரப்பட்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாலே அந்த ஆளின் கேஸ் சிக்கலாகிவிடும். நியாயம் கேட்கப் போய் வீட்டுக் கதவைத் தட்டினால் உயிருக்கே ஆபத்தாகலாம். நான் சொல்பவை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை ஒட்டியவை. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

எது கடத்தல், எது இல்லை

காசு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற ஏஜென்சிக்காரர் செய்வது குற்றம்தான். ஆனால் அது மட்டும் இருந்தால், வந்தவர் ஆட்கடத்தலுக்கு ஆளானவர் என்று சட்டம் சொல்லாது. வழியிலோ வந்த பிறகோ பிடி விடாமல், அந்த ஆளை வைத்து ஆதாயம் பார்ப்பதுதான் கடத்தல். 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. பலேர்மோ நெறிமுறை இதை மூன்றாகப் பிரிக்கிறது. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது போன்ற செயல் ஒன்று. மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் கையறு நிலையைப் பயன்படுத்துவது போன்ற வழி இரண்டாவது. சுரண்டும் நோக்கம் மூன்றாவது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் இரண்டாவதை நிரூபிக்கத் தேவையில்லை.

இதில் நம் ஆட்கள் அடிக்கடி தவறவிடுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, "அவளே சம்மதிச்சுத்தானே போனவள்" என்பது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. மற்றது, சுரண்டல் பிரித்தானியாவில்தான் நடந்திருக்க வேண்டும் என்று நினைப்பது. வரும் வழியில் எங்கோ ஒரு நாட்டில் மாதக்கணக்கில் வீட்டுக்குள் பூட்டி வைத்து வேலை வாங்கியிருந்தாலும், உடம்பை விற்க வைத்திருந்தாலும், அதுவும் கணக்கில் வரும். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ காணி உறுதியை அடகு வைத்துப் புறப்பட்டவர்கள் பலர், நடுவழியில் பாக்கிக் காசுக்காக நடந்ததை "பயணத்தில் பட்ட கஷ்டம்" என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியில்தான் பெரும்பாலும் எல்லாம் இருக்கிறது.

கடன் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு கொடிய சாட்சி உண்டு. 2004 பெப்ரவரி 5 இரவு, மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்க இறக்கப்பட்ட சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் ஏறிவந்த கடலில் மூழ்கி இறந்தார்கள். உரிய பத்திரம் இல்லாதவர்கள், ஊரில் கடன், தண்ணீர் ஏறும் நேரத்தைச் சொல்லக்கூட ஆளில்லை. விவசாயம், சிப்பி பொறுக்குதல் போன்ற வேலைகளுக்குக் கூலிக்கு ஆள் கொடுக்கும் முகவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் அந்த ஆண்டே வந்தது.

படி 1: கவனியுங்கள், விசாரிக்காதீர்கள்

அடையாளங்கள் ஒவ்வொன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது. சில சேர்ந்து வரும்போது காது கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் வேறொருவரிடம் இருக்கிறது. வங்கி அட்டையும் அசைலம் அட்டையும் "பத்திரமாக" இன்னொருவர் வைத்திருக்கிறார். எந்த முகவரியில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. எங்கே வந்தாலும் ஒருவர் கூட வருகிறார், கேள்விக்குப் பதிலும் அவரே சொல்கிறார். கடன் எவ்வளவு என்று கேட்டால் தொகை தெரியாது. வேலை செய்யச் செய்ய அது கூடிக்கொண்டே போகிறது. சொன்ன கதை, ஒப்புவித்தது போல ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

ஹோட்டலில் இருப்பவர்களின் நிலையை இங்கே கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவருக்குக் கைச்செலவுக்குக் கிடைப்பது வாரத்துக்குப் பத்து பவுண்டுக்கும் குறைவு. முதல் ஓராண்டுக்கு வேலை செய்ய அனுமதி கேட்கவும் முடியாது. ஊரில் வட்டி ஓடுகிறது. அப்போது "கையில காசு தாறன், வா" என்று ஒருவர் கார் கொண்டுவந்து நிறுத்தினால், மறுப்பது சுலபமில்லை. பிறகு அந்த ஆளிடம் ஒரு ஆயுதம் சேர்ந்துவிடுகிறது: "நீ களவா வேலை செய்தனி, நான் சொன்னா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கள்." இந்த வசனத்தைக் கேள்விப்பட்டால், பிடி இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அசைலம் அடிக்காமல் விசாவில் வந்தவர்களிடமும் இது உண்டு. 2022 பெப்ரவரியில் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தபோது தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் லட்சக்கணக்கில் காசு கொடுத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். வந்து பார்த்தால் வேலை இல்லை, அல்லது ஒப்பந்தத்தில் சொன்ன மணிநேரம் இல்லை. அப்புறம் ஒரே அறையில் பலர், சம்பளத்தில் பிடித்தம், வாய் திறந்தால் ஸ்பொன்சர்ஷிப்பை (விசாவுக்கு நிறுவனம் தரும் ஆதரவை) எடுத்துவிடுவேன் என்ற மிரட்டல். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழியை 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஏற்கெனவே வந்து மாட்டிக்கொண்டவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். நிறுவனத்தின் உரிமம் பறிபோனால், புது ஸ்பொன்சர் தேட வழக்கமாக 60 நாள்தான். அந்தப் பயத்தில் அவர்கள் முறையிடத் தயங்குகிறார்கள்.

படி 2: தனியாகக் கதைக்க ஒரு இடம்

கூட வந்தவரை எப்படியாவது பிரிக்க வேண்டும். சண்டை போட்டு அல்ல. "பதிவுக்கு ஒருத்தரைத்தான் உள்ளே விடுவம், அது எங்கட விதி" என்று எல்லாரிடமும் சொல்கிற தொனியில் சொல்லுங்கள். அவர் கணவர், மாமா, ஒன்றுவிட்ட அண்ணை என்று சொல்லிக்கொண்டாலும் விதி மாறக்கூடாது. உறவுக்காரரே பிடித்து வைத்திருப்பவராக இருப்பது அபூர்வமில்லை.

உள்ளே வந்ததும் கதையைக் கேட்காதீர்கள். தேநீர் கொடுங்கள். நீங்கள் யார், எங்கே வேலை செய்கிறீர்கள், ஹோம் ஒஃபிஸ் ஆள் இல்லை என்பதைச் சொல்லுங்கள். பிறகு ஒன்றிரண்டு கேள்வி போதும்.

"தங்கச்சி, இப்ப இருக்கிற இடத்தில இரவு நிம்மதியா நித்திரை கொள்ளுறீங்களா?"

"உங்கட போனை ஆரும் வாங்கிப் பாக்கிறவையா?"

"ஆருக்காவது காசு குடுக்க இருக்கா? குடுக்காட்டி என்ன நடக்கும் எண்டு சொன்னவை?"

கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் கதவைத் திறக்கும். திறந்தால் கேட்டுக்கொண்டிருங்கள், குறுக்கே "எப்ப, எங்க, எத்தனை பேர்" என்று குடையாதீர்கள். நடந்ததை முழுதாகப் பதிவு செய்வது சொலிசிட்டரின் (சட்டத்தரணியின்) வேலை. நீங்கள் ஒரு முறை எழுதி, வேறொருவர் இன்னொரு முறை எழுதி, இரண்டிலும் திகதி மாறியிருந்தால், பின்னாளில் அதைப் பிடித்துக்கொண்டு "பொய் சொல்கிறார்" என்பார்கள். பயந்து போனவரின் நினைவு வரிசையாக வராது. அதற்கான தண்டனை அவருக்குக் கிடைக்க நாம் காரணமாகக் கூடாது.

மொழிபெயர்ப்பாளராகப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. இங்கே நம் சமூகம் சின்னது. லண்டனில் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் ஒருவர் ஊர்ப்பேர் சொன்னால் மற்றவருக்கு ஆளைத் தெரிந்துவிடும். முன்னால் இருப்பவரை உங்களுக்கு எந்த வகையிலாவது தெரியும் என்றால் சொல்லிவிட்டு விலகுங்கள். பெண்களிடம், பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கத்தால் சுற்றிவளைத்துச் சொன்னதை நீங்களும் மென்மையாக்கி மொழிபெயர்த்தால் நடந்த கொடுமையே பதிவில் இல்லாமல் போய்விடும். விளங்காவிட்டால் திரும்பக் கேட்க அனுமதி கேளுங்கள்.

படி 3: இன்று இரவு ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது என்றால் அவசர உதவி எண் 999. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பூட்டிய வீட்டில் இருந்து பேச முடியாதவர் மொபைலில் 999 அடித்து, கேட்கும்போது 55 அழுத்தினால், பேசவில்லை என்றாலும் அழைப்பைப் பொலிஸுக்கு மாற்றுவார்கள். இதை, நீங்கள் சந்திக்கிற எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

உடனடி ஆபத்து இல்லை என்றால் பொலிஸை முதலில் கூப்பிடாமல் சொலிசிட்டரை முதலில் பார்க்கச் சொல்வேன். பத்திரம் இல்லாதவரின் விபரத்தைப் பொலிஸ் குடிவரவுப் பிரிவுக்குக் கொடுப்பது நடக்கிறது. அதை மறைத்து "ஒண்டும் ஆகாது" என்று உறுதி கொடுத்தால், பிறகு அவர் யாரையும் நம்பமாட்டார்.

போனைக் கவனியுங்கள். கூகுள் மேப்ஸில் இருப்பிடம் பகிரப்படுகிறதா, வாட்ஸ்அப் வேறொரு கருவியில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் அனுமதியோடு சேர்ந்து பாருங்கள். ஆனால் நீங்கள் துண்டிப்பதை அவரைப் பிடித்து வைத்திருப்பவர் கவனித்துவிடலாம், அதனால் போக ஒரு பாதுகாப்பான இடம் தயாரான பிறகே அதைச் செய்யுங்கள். மிரட்டல் செய்திகள், குரல் பதிவுகள், காசு அனுப்பிய ரசீது எதையும் அழிக்கவிடாதீர்கள். பாஸ்போர்ட்டை மீட்கிறேன் என்று யாரும் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. பாஸ்போர்ட் இல்லாமலே அசைலம் கேட்கலாம், உதவியும் கேட்கலாம்.

படி 4: கையெழுத்துக்கு முன் சொலிசிட்டர்

இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

பிரித்தானியாவில் ஒருவரைக் கடத்தலுக்கு ஆளானவர் என்று அரசு ஏற்கும் வழி நேஷனல் ரெஃபரல் மெக்கானிசம், சுருக்கமாக என்ஆர்எம். 2009-இல் தொடங்கியது. 2024-இல் மட்டும் 19,000-க்கும் மேற்பட்டவர்கள் இதற்குள் அனுப்பப்பட்டார்கள். நல்ல பாதுகாப்பு இதில் உண்டு. ஆனால் முடிவெடுப்பது ஹோம் ஒஃபிஸின் பிரிவுகள்தான். அங்கே சொன்னது அசைலம் கேஸிலும் பார்க்கப்படும். "நம்ப முடியவில்லை" என்று இங்கே வந்தால் அதன் நிழல் அங்கேயும் விழும். அதனால் வயது வந்தவர், உள்ளே போகலாமா, எப்போது போகலாம் என்பதைச் சட்டம் தெரிந்தவரோடு கதைத்து முடிவெடுக்க வேண்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது.

வருமானம் இல்லாதவருக்கு அசைலம் கேஸில் அரசுச் சட்ட உதவி கிடைக்கும். அதே சொலிசிட்டரிடம் என்ஆர்எம் பற்றியும் ஆலோசனை கேளுங்கள். காசு கேட்டுப் "படிவம் நிரப்பித் தருகிறேன்" என்று ஹை ஸ்ட்ரீட் கடையில் இருந்துகொண்டு சொல்பவரிடம் போக வேண்டாம். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதியும் பதிவும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். நானும் நீங்களும் அதில் அடக்கம். சொலிசிட்டரைத் தேடிக் கொடுக்கலாம், கூடப் போகலாம், சந்திப்பு நாளை நினைவுபடுத்தலாம். "அதைச் சொல்லு, இதைச் சொல்லாத" என்று மட்டும் சொல்லக்கூடாது.

படி 5: என்ஆர்எம் உள்ளே என்ன நடக்கும்

உங்களாலோ சொலிசிட்டராலோ ஜீபியாலோ நேரடியாக அனுப்ப முடியாது. ஃபர்ஸ்ட் ரெஸ்பொண்டர் என்று பட்டியலிடப்பட்ட அமைப்பு ஒன்றுதான் அனுப்பலாம். பொலிஸ், உள்ளூர்க் கவுன்சில், ஹோம் ஒஃபிஸ், சால்வேஷன் ஆர்மி போன்றவை அதில் உண்டு. பலருக்கு எளிது சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பு: 0800 808 3733, இரவு பகல் எப்போதும், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். "தமிழ்" என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் போதும்.

படிவம் அனுப்பியதும் அதன் பிரதியையும் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னர் எதை எழுதி அனுப்பினார்கள் என்றே தெரியாமல் அல்லாடுகிறார்கள்.

முதல் முடிவு, கடத்தலுக்கு ஆளாகியிருக்க நியாயமான காரணம் இருக்கிறதா என்பது. ஐந்து வேலை நாளில் தர முயல்வதாகச் சொல்வார்கள், நடைமுறையில் இழுபடும். "ஆம்" என்று வந்தால் குறைந்தது 30 நாள் மீட்புக் காலம். பொதுவாக அந்தக் காலத்தில் நாடு கடத்த முடியாது. உதவிப் பணியாளர் ஒருவர், தேவைப்பட்டால் பாதுகாப்பு வீடு, கொஞ்சக் கைச்செலவு, மன ஆலோசனை ஆகியவை உண்டு. அசைலம் ஹோட்டலிலேயே தொடர்ந்து வைத்திருக்கவும் பார்ப்பார்கள். அந்த ஹோட்டல் பிடித்து வைத்திருந்தவருக்குத் தெரியும் என்றால், அதை எழுத்தில் சொல்லி இடம் மாற்றக் கேளுங்கள். அசைலம் தங்குமிடத்தைப் பற்றி எதுவானாலும் மைக்ரண்ட் ஹெல்ப் என்ற உதவி அமைப்பை அழையுங்கள், 0808 8010 503.

இரண்டாவது முடிவு இறுதியானது. அதற்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். "இல்லை" என்று வந்தால் மறுபரிசீலனை கேட்கவும் நீதிமன்றம் போகவும் நாள்கெடு உண்டு. கடிதம் வந்த அன்றே சொலிசிட்டருக்குப் படம் பிடித்து அனுப்புங்கள். "ஆம்" என்று வந்தாலும் விசா தானாகக் கிடைக்காது. தற்காலிக அனுமதி சிலருக்குக் கிடைக்கும், எல்லாருக்கும் இல்லை. அசைலம் கேஸ் தனியாக நடக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

படி 6: அசைலம் நேர்காணல்

முதல் சிறு நேர்காணலிலேயே சுரண்டலுக்கு ஆளானீர்களா என்று ஒரு கேள்வி வரும். பயணம் பற்றியும் கேட்க வேண்டும். 2020-இல் பயணக் கேள்விகளை விட்டுவிட்டு நேர்காணல் நடத்தியபோது, லண்டன் உயர் நீதிமன்றம் அவற்றைக் கேட்கும்படி உத்தரவிட்டது. கடத்தலுக்கு ஆளானவர்கள் அந்தக் கேள்விகளில்தான் வெளிப்படுகிறார்கள் என்பதே அங்கே வைக்கப்பட்ட வாதம். ஆகவே அந்தக் கேள்வி வராவிட்டால், "பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்" என்று தானே சொல்லச் சொல்லலாம். அன்று சொல்ல முடியாமல் போனால் உலகம் முடியாது. சொலிசிட்டர் பிறகு எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் கடத்தல் பற்றிய விபரத்தைக் குறிப்பிட்ட திகதிக்குள் தரும்படி நோட்டீஸ் வந்தால் அதை மேசையில் வைத்துவிட வேண்டாம். காரணமின்றிப் பிந்தினால் நம்பகத்தன்மையைக் குறைத்துப் பார்க்கலாம் என்ற பிரிவு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. மனப் பாதிப்பு ஏற்கத்தக்க காரணம், ஆனால் அதற்கு ஜீபியின் பதிவு இருந்தால் கை வலுக்கும். நித்திரை இல்லை, கெட்ட கனவு, உடம்பில் தழும்பு என்பதையெல்லாம் ஜீபியிடம் சொல்ல வைப்பது உங்களால் முடிந்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்று.

பிள்ளைகள் என்றால்

மேலே சொன்ன வரிசை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பதினெட்டுக்குக் கீழ் என்று சொன்னாலோ, அப்படித் தோன்றினாலோ, அதே நாளில் கவுன்சிலின் சிறுவர் பிரிவுக்குப் போன் அடியுங்கள். சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பல பகுதிகளில் கடத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிக் காப்பாளர் உண்டு, அதையும் கேளுங்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021 முதல் ஹோம் ஒஃபிஸ், தனியாக வந்த பிள்ளைகளை ஹோட்டல்களில் வைத்தது. அங்கிருந்து காணாமல் போனவர்களில் சுமார் 200 பேர் இன்னும் திரும்பவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த ஆண்டு ஜூலையில், பிள்ளைகளை வழக்கமாக ஹோட்டலில் வைப்பது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காணாமல் போகிற பிள்ளை பெரும்பாலும் வந்த முதல் சில நாட்களிலேயே போகிறது. எங்கே போகச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறார்கள் என்பது அதன் சட்டைப்பையில் ஒரு துண்டில் இருக்கலாம். "தம்பி, ஆராவது நம்பர் தந்து விட்டவையா?" என்று கேளுங்கள்.

கைதாகிவிட்டால்

கஞ்சாத் தோட்டமாக்கிய வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைக்கப்பட்ட வியட்நாம் இளைஞர்கள் குற்றவாளிகளாகப் பிடிபடுவது இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, கட்டாயத்தால் குற்றம் செய்தவருக்கு ஒரு தற்காப்பைத் தருகிறது. கொலை போன்ற கடும் குற்றங்களுக்குப் பொருந்தாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு "சீக்கிரம் முடிச்சுவிடுவம்" என்று நினைப்பதற்கு முன், என்ன நடந்தது என்று வழக்கறிஞருக்குத் தெரிய வேண்டும்.

செய்யக்கூடாதவை

ஏஜென்சிக்காரருடன் பேரம் பேசாதீர்கள். கோயிலில் காசு சேர்த்து அந்தக் கடனைக் கட்டாதீர்கள். இவர்களிடம் காசு வரும் என்று தெரிந்தால் தொகை கூடும், அடுத்த ஆளுக்கும் இதே கணக்குப் போடுவார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அவரைக் கேட்காமல் போன் அடிக்காதீர்கள். மிரட்டுகிற ஆளின் உறவுக்காரர் அதே ஒழுங்கையில் இருக்கலாம். ஊரில் வீட்டுக்கு ஆள் போய் மிரட்டினால் அந்தத் திகதியையும் பெயரையும் குறித்து சொலிசிட்டரிடம் கொடுங்கள், அது அசைலம் கேஸுக்கும் சாட்சி. முகம் தெரியும் படம், ஊர்ப்பேர், "பாவம் இந்தப் பிள்ளை" என்ற பதிவு எதுவும் ஃபேஸ்புக்கில் போகக்கூடாது. அவரை உங்கள் வீட்டில் தங்கவைப்பதையும் நான் ஆதரிப்பதில்லை. உங்கள் முகவரி தெரிந்தால் இரண்டு குடும்பத்துக்கும் ஆபத்து.

காத்திருக்கும் காலமும் அதற்குப் பிறகும்

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காதபோதுதான் பிடித்து வைத்திருந்த பழைய ஆள் திரும்பி வருகிறார். வாரம் ஒரு போன், இலவச ஆங்கில வகுப்பில் ஓரிடம், ஜீபி சந்திப்புக்குக் கூடப் போக ஒருவர். இவ்வளவு இருந்தால் அவருக்கு இன்னொரு கை இருக்கிறது.

அதைவிட ஆபத்தானது அகதி அந்தஸ்து கிடைத்த வாரம். எல்லாரும் கேக் வெட்டுவார்கள், அதே நேரத்தில் தங்குமிடத்தை விட்டு வெளியேறச் சொல்லும் கடிதமும் வரும். கையில் இருப்பது சில வாரங்கள்தான். வீடு பார்க்க முற்பணம் இல்லை, உத்தரவாதம் கொடுக்க ஆளில்லை. "என்ர வீட்டில ஒரு அறை கிடக்கு" என்று பழைய குரலே கூப்பிடும். அந்தக் கடிதம் வந்த அன்றே கவுன்சிலின் வீடற்றோர் பிரிவில் விண்ணப்பிக்க வையுங்கள். என்ஆர்எம் முடிவுக் கடிதத்தின் பிரதியையும் ஜீபியின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கடத்தலுக்கு ஆளானவர் என்பது முன்னுரிமை பார்க்கும்போது கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம். அதிகாரி கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள், சொன்னதை மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள்.